மேற்படி ஷிமோஹிரா நோபுயோ

கண்ணில் பட்ட எண்ணை அப்படியே அடி, யோசிக்காதே என்று பழக்கப்பட்ட ஒரு கைக்குக் குற்றவுணர்வு எங்கிருந்து வருகிறது? யோசிக்காமல் இருப்பதற்காகவே சம்பளம் வாங்கிய ஒருவர், தான் யோசிக்காமல் விட்ட ஒன்றுக்குப் பொறுப்பாளி ஆக முடியுமா? ஷிமோஹிரா நோபுயோவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முன்னால் வந்து நிற்பது இந்தக் கேள்விதான். அவரிடமே கேட்டிருந்தால், "இதெல்லாம் ஒரு கேள்வியா? டீ ஆறுது பாருங்க" என்று சொல்லியிருப்பார்.

ஈடா நகரில் விவசாயக் கூட்டுறவு ஒன்றின் கணக்கு மையத்தில், பள்ளி முடித்த கையோடு, சீட்டில் உள்ளதைக் கணினிக்கு அடித்து ஏற்றும் கீபஞ்ச் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். நீளமான கூடம், வரிசையாகப் பெண்கள். இடது கை சீட்டைப் புரட்டும், வலது கை எண்களின் மேல் ஓடும். சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பொருள் பார்த்துப் படிக்கத் தொடங்கினால் கை தடுமாறும். அதனால் பொருள் பார்க்கக் கூடாது என்பது அங்கே சட்டம். ஒருமுறை ஒரு பேரிக்காய்த் தோட்டக்காரர், தோட்டத்தின் பரப்பளவை எழுத வேண்டிய கட்டத்தில் தன் பிறந்த வருடத்தை எழுதிவிட்டார். நோபுயோ அதை அப்படியே அடித்தார். அந்த வசந்தத்தில் அந்த மனிதரின் வாசலில் மலைபோல் உரம் வந்து இறங்கியது. "சீட்டுல அப்படித்தானே இருந்துச்சு" என்று அதைச் சொல்லிச் சிரிப்பார் நோபுயோ. அதே சீட்டை இன்னொரு பெண்ணும் அடித்து, இரண்டும் ஒத்துப்போனால்தான் உள்ளே போகும் என்று ஓர் ஏற்பாடும் அங்கே இருந்தது. அந்த இன்னொரு பெண்ணும் சட்டத்தை மதிப்பவள். அதனால் உரம் வந்தது.

மையத்தை மூடிய பிறகு அவர் எங்கள் ஊர்ப் பொதுக்கூடத்தின் அலுவலகத்துக்கு வந்தார். சாவி கொடுப்பது, அறை ஒதுக்குவது, முதியோர் உடற்பயிற்சிக்குப் பாய் விரிப்பது எல்லாம் அவர்தான். கணவர் இறந்து சில வருடம் ஆகியிருந்தது. தனியாக இருந்தார். நீல நிறத்தில் சின்னக் கார் ஒன்று வைத்திருந்தார். கையைப் போலவே காலும் வேகம். மலைப்பாதை வளைவுகளில் அவர் பின்னால் போனவர்கள், இந்த அம்மாவுக்கு யாரைப் பிடிக்கப் போகிற அவசரம் என்று கேட்டுக்கொள்வார்கள். அவருக்கு எந்த அவசரமும் இல்லை. ஓட்டுவது பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

பொதுக்கூடத்தின் மாடியில் எங்கள் அமெச்சூர் ரேடியோ சங்கம் கூடும். ஒரு கோடையில் சங்கத்தின் மூத்தவர் குமாகாய் இறந்தார். வாலிபத்திலிருந்து சாகிற வாரம் வரை, வானொலியில் யாருடன் பேசினாலும் தேதி, நேரம், அலைவரிசை, எதிரில் இருப்பவருக்கு உரிமத்தோடு அரசு தந்த எழுத்து அடையாளமான அழைப்புக்குறி, பெயர், ஊர் என்று எழுதி வைத்தவர். பெட்டி பெட்டியாகப் பதிவேடுகள். எங்கள் தலைவர் மகியுச்சி தானே ஒரு பதிவு மென்பொருள் எழுதி வைத்திருந்தார். குமாகாய் பேசியவர்கள் எல்லோருக்கும் சங்கத்தின் பெயரில் ஒரு கடைசி நன்றி அட்டை அனுப்ப வேண்டும். அதற்கு முதலில் எல்லாவற்றையும் அந்த மென்பொருளில் ஏற்ற வேண்டும். எங்கள் வேகத்தில் செய்தால் எங்களுக்கே யாராவது நன்றி அட்டை அனுப்ப வேண்டியிருக்கும் என்பது தெரிந்ததும் கீழே போய் நோபுயோவிடம் நின்றோம்.

"படிச்சுக் காட்ட ஒரு ஆள் வேணும். குரல் ஒரே மாதிரி இருக்கணும். கதை சொல்லக் கூடாது" என்றார்.

மகியுச்சி படித்தார். அவருக்குக் கதை சொல்லாமல் இருப்பது கஷ்டம், இருந்தாலும் முயன்றார். நான் பெட்டிகளைத் தூக்கி வைக்கிறவன்.

எங்கள் பதிவேடுகளில் ஒரே நாளில் பலருடன் பேசினால் முதல் வரியில் மட்டும்தான் தேதி இருக்கும். அடுத்த வரிகளில் இரண்டு சின்னக் கீற்றுகள், மேற்படி என்று பொருள். அலைவரிசைக்கும் அப்படியே. குமாகாயின் பக்கங்களில் இந்தக் கீற்றுகள் மழைபோல் இறங்கும்.

"மகியுச்சி-சான், உங்க மெஷின் ரொம்பப் பேசுது" என்றார் நோபுயோ முதல் நாளே.

"என்ன பேசுது?"

"ஒவ்வொரு வரிக்கும் தேதி கேக்குது. மேற்படின்னா மேற்படிதானே? எதுக்குத் திரும்பத் திரும்பக் கேக்கணும்?"

மகியுச்சி அடுத்த வாரம் அதை மாற்றிக்கொண்டு வந்தார். தேதி தானாகவே கீழ்வரிக்கு இறங்கியது. அதன் பிறகு அலைவரிசை. அதன் பிறகு, குரல் எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று குறிக்கும், பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும் சமிக்ஞை மதிப்பு. அழைப்புக்குறியின் கடைசி மூன்று எழுத்தை அடித்தால் மீதியை மென்பொருளே காட்டியது. ஏற்கெனவே ஏறிய குறி என்றால் பெயரையும் ஊரையும் அதுவே நிரப்பியது. பழைய பதிவேட்டிலிருந்து தொடங்காமல் புதியதிலிருந்து பின்னோக்கிப் போகலாம் என்று சொன்னதும் நோபுயோதான். புதியவற்றில் கையெழுத்து தெளிவாக இருந்தது. பழையவற்றுக்கு வரும்போது பாதிப் பெயர்கள் தானாகவே விழும். நல்ல யோசனை. எனக்கும் அப்போது அப்படித்தான் பட்டது.

ஒரே ஒரு இடத்தில்தான் கை நின்றது. பெயரை நிரப்பும் முன் மென்பொருள் ஒருமுறை கேட்கும்: இதே நபர்தானா?

"இதுவும் வேணாம். கை வழுக்கிட்டுப் போறப்ப நடுவுல கல்லு மாதிரி நிக்குது."

"அது இருக்கட்டும், ஷிமோஹிரா-சான். ரேடியோ உரிமத்தைப் புதுப்பிக்காம விட்டா, வருஷம் கழிச்சு அதே குறியை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. பழைய புத்தகத்துல ஒருத்தர் இருப்பார், புதுசுல இன்னொருத்தர் இருப்பார்."

"அப்படி எத்தனை பேர் இருக்கப் போறாங்க?"

"எண்ணிப் பார்த்ததில்ல."

"அப்ப எடுத்துடுங்க. பேர் விழுந்துட்டா நீங்களும் பேரைப் படிக்காதீங்க, நேரம் வீணாகுது."

மகியுச்சி எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த அறையில் கேட்டது ஒரு பாட்டு மாதிரி இருந்தது. அவர் நேரத்தையும் மூன்று எழுத்தையும் மட்டும் சொல்ல, இவர் விரல் அதற்குத் தாளம் போட்டது. நோபுயோ திரையைப் பார்க்கவே இல்லை. காகிதத்தைப் பார்க்க வேண்டிய தேவையும் இல்லாமல் போயிற்று. கண்ணில் பட்டதை அடி என்பது அவர் கற்ற சட்டம். இப்போது கண்ணில் எதுவும் படவில்லை. சட்டம் மாறியது அவருக்குத் தெரியவில்லை, ஏனென்றால் கையின் வேகம் மாறவில்லை.

ஆண்டு முடிவதற்குள் வேலை முடிந்தது. எல்லாவற்றையும் அச்சிட்டுக் கட்டி, குமாகாயின் மனைவி கினுயேவிடம் கொடுத்தோம். எண்பதை நெருங்கும் வயது. நிமிர்ந்த நடை. அவரே வெள்ளை வண்டியை ஓட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்து வாங்கிக்கொண்டார்.

"எல்லாம் உள்ள போயிடுச்சா, நோபு-சான்?"

"ஒண்ணு விடாம போயிடுச்சு."

"அப்ப பழசை அனுப்பிடலாம். எனக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணு. ரெண்டும் என்கிட்டயே இருந்தா அவர் அங்க எதைப் பார்த்துப் பேசுவார்?"

ஜனவரி நடுவில் சிறு புத்தாண்டு அன்று, அறுவடை முடிந்த வயலில் வாசல் தோரணங்களையும் பைன் கிளைகளையும் போட்டு எரிப்போமே, அந்த நெருப்பில் கினுயே பதிவேடுகளைத் தன் கையால் வைத்தார். பெட்டிகளை இறக்கியது நான். காய்ந்த காகிதம், சீக்கிரம் பிடித்தது. குழந்தைகள் அந்தத் தணலிலேயே குச்சியில் குத்திய அரிசி உருண்டைகளைச் சுட்டுத் தின்றார்கள். நோபுயோவும் ஒன்று தின்றார்.

கினுயேவின் காலை வழக்கம் ஒன்று அதற்குப் பிறகு எங்களுக்குத் தெரிய வந்தது. கணவரின் படம் இருக்கும் மாடத்தில் சோறும் தேநீரும் வைத்து, மணியைத் தட்டி, அச்சிட்ட புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தை உரக்கப் படிப்பார். "இன்னிக்கு இவங்களோட பேசுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்திருப்பார்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு நாள் உடற்பயிற்சிக்கு வந்த கினுயே, அலுவலக ஜன்னலில் சாய்ந்துகொண்டு சிரித்தார். நான் அப்போது மாடிச் சாவி வாங்க நின்றுகொண்டிருந்தேன்.

"நோபு-சான், என் தலைக்குள்ள மாடு மேயுதும்மா."

"என்ன சொல்றீங்க?"

"எங்க வீட்டுக்காரரோட பேசுற ஒருத்தர் இருந்தார். குறியோட வால் என், கே, ஓ. நெகோ. அதாவது பூனை. ஆளோட பேர் உஷியாமா, மாட்டுமலை. 'பூனை வால் வெச்ச மாடு வந்துட்டார்'னு இவர் சொல்லுவார். ஓமாச்சிக்காரர், பாவம், வாய் திக்கும். 'கு-கு-குமாகாய்-சான்'னு வர்றதுக்குள்ள நான் டீ போட்டு முடிச்சிடுவேன். மோர்ஸ் தந்தி தட்டுறப்ப மட்டும் திக்கவே திக்காது, தண்ணி மாதிரி ஓடும்னு இவர் சொல்லுவார். இன்னிக்குக் காலைல புத்தகத்துல பூனை வந்துச்சு. மாட்டைக் காணோம்."

"காணோமா?"

"தெராஷிமா, ஜோயெட்சுன்னு இருக்கு. பின்னாடி எல்லாம் தேடிட்டேன், எல்லா வரியிலயும் தெராஷிமாதான். அப்ப மாடு எங்கேருந்து வந்துச்சு? நானே கட்டி மேய்ச்சிருக்கேன்." சிரிப்பு மெல்ல நின்றது. "அவர் சிரிச்சதுகூட ஞாபகம் இருக்கு. அதையும் நானேதான் பண்ணிக்கிட்டேனா?"

"புத்தகத்துல…" என்று நோபுயோ தொடங்கினார்.

"புத்தகம் எப்படித் தப்பாகும்? நீ அடிச்சது."

நோபுயோ ஜன்னல் ஓரத்தில் இருந்த பாய்களை நேராக்கினார். "வெயிலும் மழையும் மாறி மாறி வருது. தண்ணி நிறையக் குடிங்க" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். நான் அதை அப்போது ஒரு பதிலாகவே எடுத்துக்கொண்டேன். மாடியில் சங்கத்தின் அலமாரியில் பழைய நிலையப் பட்டியல்கள் வரிசையாக இருந்தன. எந்தக் குறி எந்த வருடம் யாருடையது என்று அச்சடித்த தடிப் புத்தகங்கள். அலமாரிச் சாவி நோபுயோவின் மேசை இழுப்பறையில் இருந்தது. ஏறிப் போய் ஒரு பக்கத்தைப் புரட்டியிருந்தால் போதும். பின்னால் அவரே மகியுச்சியிடம் சொன்னார்: அன்றைக்கே அந்தக் கேள்வி நினைவுக்கு வந்துவிட்டதாம். இதே நபர்தானா? தினமும் மாடியைப் பெருக்கப் போகும்போது அலமாரியைத் துடைப்பாராம், திறக்க மாட்டாராம். திறக்காத வரைக்கும் கினுயேவுக்கு வயதாகிவிட்டது என்பதும் உண்மையாக இருக்கலாம் அல்லவா?

கேள்வியை நீக்கச் சொன்னது பிழை. யாருக்கும் வரும். அலமாரியைத் திறக்காமல் துடைத்தது வேறு வகை. அதற்குச் சட்டத்தைக் காரணம் காட்ட முடியாது, ஏனென்றால் அங்கே அவர் யோசித்தார். யோசித்துத்தான் திறக்காமல் இருந்தார்.

கோடையில் கினுயேவுக்கு ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கும் அறிவிப்பு வந்தது. அந்த வயதில் ஞாபகச் சோதனை உண்டு. படங்களைக் காட்டி, வேறு ஏதோ செய்யச் சொல்லி, பிறகு என்னென்ன பார்த்தீர்கள் என்று கேட்பார்கள்.

"இல்லாத மாட்டைப் பார்த்தவ, இருக்கிற படத்தையா ஞாபகம் வெச்சுக்கப் போறேன்?" என்று கினுயே எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். சோதனைக்குப் போகவே இல்லை. காவல் நிலையத்துக்குப் போய் உரிமத்தைத் தானாகவே ஒப்படைத்துவிட்டு வந்தார். வெள்ளை வண்டியை மெக்கானிக் எடுத்துக்கொண்டு போனான். நகோயாவில் இருக்கும் மகள், இங்கே வந்து எங்களோடு இரு என்று வெகுநாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இந்த ஆண்டுப் பெர்சிமன் பழங்களைக் காய வைத்து முடித்ததும் வருகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டார்.

இலை பழுக்கும் சமயம் கூடத்துக்கு ஒரு தொலைபேசி வந்தது. நோபுயோதான் எடுத்தார். எங்கள் நன்றி அட்டைகள் எல்லாம் ரேடியோ சங்கங்களின் தலைமையகம் வழியாக, குறி பார்த்துப் பிரிக்கப்பட்டு, மெதுவாகத்தான் போய்ச் சேரும். அவற்றில் ஒன்று ஜோயெட்சுவில் ஒருவருக்குக் கிடைத்திருந்தது.

"குமாகாய்-சானோட நான் ரெண்டு மூணு தடவை பேசியிருக்கேன், நல்ல மனுஷன். அட்டைக்கு ரொம்ப நன்றி. ஆனா இதுல போட்டிருக்கிற முதல் தேதியில நான் பாலர் பள்ளியில மணல்ல விளையாடிட்டு இருந்தேன்ங்க" என்று அந்தக் குரல் சிரித்தது. தெராஷிமா. "எனக்கு முன்னாடி இந்தக் குறியை வெச்சிருந்தவரா இருக்கும். யாருன்னு தெரியுமா? பேர் தெரிஞ்சா நல்லா இருக்கும். இத்தனை வருஷமா அவரோட சட்டையைப் போட்டுட்டுத் திரியறேன், யார் சட்டைன்னு தெரியல."

"பார்த்துச் சொல்றேன்" என்று நோபுயோ வைத்துவிட்டார்.

மாடிக்கு ஏறினார். அலமாரியைத் திறந்தார். மகியுச்சி வந்து பார்த்தபோது அவர் தரையில் உட்கார்ந்திருந்தார், மடியில் தடிப் புத்தகம். என், கே, ஓ. உஷியாமா. ஓமாச்சி.

மகியுச்சி பக்கத்தில் உட்கார்ந்தார். "படிச்சது நான். பேரைத் தாண்டித் தாண்டி விரலை ஓட்டினதும் நான்தான். என்னையும் சேர்த்துக்கோங்க."

"நீங்க முன்னாடியே சொன்னீங்க."

"சொன்னேன், எடுத்தும் குடுத்தேனே."

"நான் கேட்டேன், நீங்க குடுத்தீங்க. தப்பு என்னோடதுதான், இதுல ரெண்டு பேர் இல்ல."

கினுயே வீட்டை ஒழிக்கத் தொடங்கியிருந்தார். அவர் கேட்டுக்கொண்டதால், குமாகாயின் ஆன்டெனாவை இறக்க மகியுச்சியும் நானும் அந்த ஞாயிற்றுக்கிழமை போயிருந்தோம். நான் ஆன்டெனாக் கோபுரத்தில் பாதி ஏறியிருந்தேன். கீழே தாழ்வாரத்தில் உரித்த பழங்கள் கயிற்றில் திரைபோலத் தொங்கின. வழக்கத்தில் பாதிதான் இந்த முறை. கினுயே உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தார். நீல வண்டி வந்து நின்றது. நோபுயோ தடிப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினார். தாழ்வாரத்தில் ஏறவில்லை. மண்ணிலேயே நின்றார்.

"கினுயே-சான். மாடு இருந்திருக்கு."

கத்தி நின்றது.

நோபுயோ புத்தகத்தைத் திறந்து காட்டினார். எப்படி நடந்தது என்று சொன்னார். மெஷின் தவறு என்று சொல்லவில்லை. மெஷின் கேட்டது, நான்தான் அதன் வாயை அடைத்தேன் என்றார். கினுயே கண்ணாடியை ஏற்றி அந்த வரியை விரலால் தடவிப் படித்தார். பிறகு எழுந்து உள்ளே போனார். மணி ஒலித்தது, வழக்கத்தைவிடப் பலமாக.

"என்னங்க! கேட்டீங்களா? உஷியாமா இருந்திருக்கார்! நான் ஒண்ணும் கட்டி மேய்க்கல!"

திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது. மேலே நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஏய், யார் மேலே? இறக்கினதைத் திரும்ப ஏத்துங்க! நான் எங்கேயும் போகல. நகோயாவுல ஜன்னலைத் திறந்தா எதிர்வீட்டு ஏசி மெஷின்தான் தெரியுது."

"இறக்கத்தானே சொன்னீங்க!" என்று மகியுச்சி கீழேயிருந்து கத்தினார்.

"அது தலை கெட்டவ சொன்னது! இது நான் சொல்றேன்!"

மகியுச்சி சிரித்தார், நானும் சிரித்தேன். நோபுயோ மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். கினுயே உட்கார்ந்து கத்தியை எடுத்தார். அடுத்த பழத்தைப் பாதி உரித்த பிறகு, தலை நிமிராமல் கேட்டார்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"இந்த வாரந்தான் புத்தகத்தைப் பார்த்தேன்."

"அதைக் கேக்கல."

நோபுயோ புத்தகத்தை மூடினார். "நீங்க ஜன்னல்ல வந்து சொன்னீங்களே, அன்னிக்கே தோணுச்சு."

தோல் அறுபடாமல் நீளமாக இறங்கி மடியில் விழுந்தது. கினுயே முற்றத்தின் ஓரத்தில் இருந்த தகரக் கொட்டகையைப் பார்த்தார். உள்ளே இரண்டு சைக்கிளும் ஒரு மண்வெட்டியும் இருந்தன. நடுவில் வண்டி நின்ற இடம் காலி.

"அன்னிக்கு வண்டி இருந்துச்சு" என்றார்.

சற்றுக் கழித்து எல்லோருக்கும் டீயும் ஊறுகாயும் கொண்டுவந்து வைத்தார். நோபுயோவுக்கும் வைத்தார். அது மன்னிப்பா என்று எனக்குத் தெரியாது. எங்கள் பக்கம் வாசலுக்கு வந்தவருக்கு டீ வைக்காமல் இருப்பது என்பது இல்லை. ஒப்படைத்த உரிமம் திரும்பாது. மறுபடி முதலிலிருந்து பயிற்சிப் பள்ளிக்குப் போய்ப் பரீட்சை எழுத வேண்டும், அந்த வயதில் யார் போவார்கள்?

நோபுயோ தெராஷிமாவைக் கூப்பிட்டு உஷியாமாவின் பெயரைச் சொன்னார். வாய் திக்கியதையும் மோர்ஸில் திக்காததையும் சேர்த்துச் சொன்னார், கினுயே அப்படிச் சொல்லச் சொல்லியிருந்தார். பிறகு குளிர்காலம் முழுவதும், வேலை முடிந்ததும் மாடிக்கு வந்து பழைய பட்டியல்களோடு ஒவ்வொரு குறியாக ஒப்பிட்டார். மாறிப்போன பெயர்கள் உஷியாமாவோடு நிற்கவில்லை. சிலவற்றை மீட்க முடிந்தது. பட்டியலில் இல்லாதவர்களின் இடத்தில் "தெரியவில்லை" என்று அடித்தார். இந்த முறை படித்துக் காட்ட யாரையும் விடவில்லை. ஒரு விரலால் அடித்தார், புதிதாகக் கற்கிறவர்போல. பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. அப்படி அடிப்பதால் பிழை குறையும் என்று நான் நம்பவில்லை.

அந்தக் குளிர்காலத்திலேயே ஒரு நாள், நோபுயோ காவல் நிலையத்துக்குப் போய்த் தன் உரிமத்தை ஒப்படைத்தார். வயது அறுபத்து மூன்று. கண்ணில் குறையில்லை, ஓட்டிய காலத்தில் ஓர் உரசல்கூட இல்லை. கவுன்டரில் இருந்த இளைஞன் ஏதாவது உடம்புக்கு முடியவில்லையா என்று மூன்று விதமாகக் கேட்டானாம். நீல வண்டியையும் அதே மெக்கானிக்தான் எடுத்துப் போனான்.

மகியுச்சிக்குக் கோபம் வந்தது. கூடத்தின் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"யார் கேட்டா உங்ககிட்ட உரிமத்தை?"

"யாரும் கேக்கல."

"உங்க வண்டியில அவங்களை வாரம் ரெண்டு தடவை கடைக்கும் டாக்டர்கிட்டயும் கூட்டிட்டுப் போயிருக்கலாம். அதுதானே உபகாரம்? இப்ப ரெண்டு பேரும் பனியில பஸ்ஸுக்கு நிக்கிறீங்க. இதுல யாருக்கு என்ன லாபம்? என்ன இது, அவங்க போட்டதுக்குக் கீழ மேற்படியா?"

நோபுயோ செருப்பை மாற்றிக்கொண்டிருந்தார். "மெஷின்ல அந்தக் கேள்வியைத் திரும்பப் போட்டாச்சா?" என்று கேட்டார்.

"போட்டாச்சு, போட்டாச்சு."

"அப்ப சரி" என்று உள்ளே போய்விட்டார்.

மகியுச்சி சொன்னது நியாயம். நானும் அதையேதான் நினைத்தேன், இன்னும் நினைக்கிறேன். ஒருவர் இழந்ததை நாமும் இழந்துவிட்டால் அவருக்கு ஏதாவது திரும்பி வருமா? மேற்படி என்பது பதிலாகாது. ஆனால் அது மகியுச்சி கேலிக்குச் சொன்ன வார்த்தை. நோபுயோ சொன்னதல்ல.

ஊர்ப் பேருந்து அரிதாகத்தான் வரும். சந்தை நாட்களில் ஆற்றுப் பாலத்துப் பக்கம் உள்ள நிறுத்தத்தில் இருவரும் நிற்பதைப் பார்க்கலாம். கினுயே வாய் ஓயாமல் பேசுவார், நோபுயோ கேட்டுக்கொண்டிருப்பார். ஈரப்பனி விழுந்த ஒரு காலை நான் அந்த வழியாகப் போனபோது வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தேன்.

"வந்தியா, தெய்வமே!" என்று கினுயே குடையை மடக்கி உடனே ஏறிக்கொண்டார். இருக்கையில் தள்ளி உட்கார்ந்து வெளியே எட்டிப் பார்த்தார். "நீயும் ஏறு, அசடு. உன் வண்டி இருந்திருந்தா நான் இன்னிக்கு நனைஞ்சிருக்கவே மாட்டேன். ஏறு, கதவு வழியா பனி வருது."

நோபுயோ கினுயேவின் பையை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"நான் பஸ்ஸுலயே வரேன்" என்று சொல்லி, கதவை வெளியிலிருந்து தானே சாத்தினார்.